பிஸ்கட் டின்னில் வந்த ட்ரை-ஆங் ஜின்ட்டி மாடல் ரயில் எஞ்சின் ஓட மறுக்கிறது, வழி சொல்லுங்கள்

#1 கவன்ட்ரிவாசி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

பக்கத்து வீட்டு அம்மாள் போன வாரம் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொடுத்தார். எண்பது வயதைத் தாண்டியவர். அவருடைய கணவர் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. "நீ எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறவன்தானே, இதை ஒரு தடவை ஓட்டிக் காட்ட முடியுமா?" என்று கேட்டார். மறுக்க மனம் வரவில்லை.

டின்னுக்குள் இரண்டு மாடல் ரயில் எஞ்சின்கள். ஒன்று ட்ரை-ஆங் ஜின்ட்டி, கறுப்பு, பக்கவாட்டில் 47606 என்று எண். இன்னொன்று ஹார்ன்பி டப்ளோ டேங்க் எஞ்சின், மூன்று தண்டவாள வகை, இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது போலத் தெரிகிறது. அதன் அடிச்சட்டத்தில் வெடிப்பு இருக்கிறது. அதைப் பற்றி அப்புறம் கேட்கிறேன்.

ஜின்ட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் "உர்ர்" என்று முனகுகிறது. சக்கரம் கால் சுற்று சுற்றிவிட்டு நிற்கிறது. பத்து விநாடியில் மோட்டார் கை வைக்க முடியாத சூடு. லேசாகக் கருகல் வாடையும் வருகிறது. முன்பக்கக் கொக்கியும் பாதியில் உடைந்திருக்கிறது. மோட்டார் போய்விட்டதா? புதிதாக வாங்கிப் போடலாமா?

#2 நீராவி66

தம்பி, முதலில் கரன்ட் கொடுப்பதை நிறுத்துங்கள். சிக்கி நிற்கிற மோட்டாருக்கு இன்னும் இரண்டு தடவை 12 வோல்ட் கொடுத்தால் நல்ல ஆர்மேச்சரும், அதாவது சுருள் சுற்றிய சுழலும் பகுதியும், எரிந்துபோகும்.

உள்ளே இருப்பது எக்ஸ்04 மோட்டார். மூன்று துருவ ஆர்மேச்சர், இரண்டு கார்பன் பிரஷ், நடுவில் ஒரு காந்தக் கட்டி. இவ்வளவுதான். அறுபது எழுபது வருஷம் கழித்தும் ஓடுகிற மோட்டார் இது. நான் பார்த்தவரையில் "செத்துப்போச்சு" என்று வந்த எக்ஸ்04களில் முக்கால்வாசிக்கு அழுக்கைத் தவிர வேறு வியாதி இல்லை.

இன்று இரவு இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, மோட்டாரை அடிச்சட்டத்திலிருந்து பிரித்து எடுத்து, சக்கரங்களை மட்டும் மேஜையில் உருட்டிப் பாருங்கள். தாராளமாக உருள வேண்டும். உருளாவிட்டால் மோட்டாரைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

இரண்டாவது, ஒரு சீரிஸ் லாம்ப் கட்டுங்கள். நம்ம ஊர் ஒயரிங்காரர்கள் வைத்திருப்பார்களே, அதே முறைதான், ஆனால் கன்ட்ரோலரிலிருந்து வரும் 12 வோல்ட் பக்கத்தில் மட்டும். கார் பிரேக் லைட்டின் 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்றை எடுத்து, கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் நடுவில் தொடராக இணைத்துவிடுங்கள். மோட்டாரில் ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், அதற்கு மேல் ஒன்றும் கெடாது. சரியாக ஓடினால் பல்ப் மங்கலாகக் கண் சிமிட்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. காந்தத்தைப் பிடித்திருக்கிற இரண்டு திருகுகள் தெரியும். அவற்றைத் தொடவே வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன்.

#3 ஓட்டுபவன்

நான் வேறு மாதிரி சொல்கிறேன், நீராவி ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்04 இருந்த இடத்தில் உட்காருகிற மாதிரி சிறிய டப்பா மோட்டார்கள் இப்போது கிடைக்கின்றன, தாங்கியோடு சேர்த்தே வரும். கரன்ட் கொஞ்சம்தான் இழுக்கும், சத்தமே வராது, ஊர்ந்து போகிற வேகத்திலும் தடுமாறாது. நான் நான்கு எஞ்சினுக்கு மாற்றியிருக்கிறேன். வாரக்கடைசியில் பிள்ளைகளோடு மணிக்கணக்கில் ஓட்டுகிறோம். அலமாரியில் அசலாகத் தூங்குவதைவிட தண்டவாளத்தில் ஓடுவது மேல்.

கொக்கியும் பத்து நிமிட வேலை. புதியது வாங்கிப் போட்டுவிடுங்கள்.

#4 நீராவி66

கோபம் எதற்கு? உங்கள் எஞ்சின், உங்கள் விருப்பம். ஆனால் தம்பியிடம் வந்திருப்பது அவருடைய எஞ்சின் இல்லை. ஒரு அம்மாள் கணவரின் நினைவாக வைத்திருந்த பொருள். "ஓட்டிக் காட்டு" என்று கேட்டவருக்குக் கேட்க வேண்டியது அந்தப் பழைய மோட்டாரின் உறுமல்தானே? சத்தமில்லாத புது மோட்டாரை உள்ளே வைத்துக் கொடுத்தால் எஞ்சின் ஓடும், ஆனால் அவர் ஐம்பது வருஷம் முன்னால் கேட்ட சத்தம் வராது.

காந்தத் திருகு விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்துக் காந்தம் அல்நிக்கோ, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம். ஆர்மேச்சரின் இரும்பும் இரண்டு பக்கத் துருவத் தகடுகளும் சேர்ந்து காந்தப் புலத்துக்கு ஒரு மூடிய பாதை போட்டுக் கொடுக்கின்றன. திருகைக் கழற்றித் தகட்டைப் பிரித்ததும் அந்தப் பாதை அறுந்து, அல்நிக்கோ தன் பலத்தில் ஒரு பெரிய பங்கை அந்த நொடியே இழந்துவிடும். திரும்ப மாட்டினாலும் வராது. பிரித்தே தீர வேண்டிய நிலை வந்தால், காந்தத்தின் இரு முனைகளையும் இணைக்கும்படி ஓர் இரும்புத் துண்டை முதலில் ஒட்டவைத்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

காந்தம் பலம் குறைந்தால் மோட்டார் மெதுவாக ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. சுமையில்லாமல் வேகமாகச் சுற்றும், கரன்டை அதிகம் இழுக்கும், சூடாகும், இரண்டு பெட்டியை மாட்டினால் மூச்சு வாங்கும்.

#5 கவன்ட்ரிவாசி

ஐயா சொன்னது அப்படியே சரி. மோட்டாரைப் பிரித்தபின் சக்கரங்களை விரலால் தள்ளினேன், நகரவே இல்லை. அச்சு உட்காரும் துளைகளில் பழைய எண்ணெய் பனங்கருப்பட்டிப் பாகு காய்ந்த மாதிரி பழுப்பாக இறுகியிருக்கிறது. நடு அச்சின் கியரைச் சுற்றிச் சிவப்புக் கம்பள நூல். அதற்குள் ஒரு நீள நரைமுடி. இடுக்கியால் பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, கிட்டத்தட்ட ஒரு முழம். தரையில் விரித்த கம்பளத்தின் மேல் தண்டவாளம் போட்டு ஓட்டியிருக்கிறார்கள் போல.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் அச்சுத் துளைகளைத் துடைத்தேன். பதினெட்டுக் குச்சி கறுத்துப்போனது. இப்போது அடிச்சட்டத்தை லேசாகச் சாய்த்தாலே உருளுகிறது. பிளாஸ்டிக் உடலையும் அதே ஆல்கஹாலில் துடைக்கலாமா?

#6 நீராவி66

உடலுக்கு வேண்டாம், எழுத்தும் எண்ணும் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய பெயின்ட் பிரஷ். எண் இருக்கும் இடத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். பாலிஸ்டைரீன் உடல் அதில் கரைந்துபோகும்.

அப்படியே ஆர்மேச்சரையும் அளந்துவிடுங்கள். பிரஷ்களை எடுத்துவிட்டால், அவை உரசுகிற காம்யுடேட்டரில் மூன்று செப்புத் துண்டுகள் தெரியும். மல்டிமீட்டரை இரண்டிரண்டு துண்டாக வைத்து மூன்று தடவை அளக்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் சுருள்கள் நலம். மூன்று சுருளும் முக்கோணமாக இணைந்திருப்பதால் ஒன்று அறுந்திருந்தால் அது எண்ணிலேயே தெரியும். உதாரணத்துக்கு, நல்ல நிலையில் மூன்றும் 8 ஓம் காட்டும் ஆர்மேச்சரில் ஒரு சுருள் அறுந்தால் ஒரு ஜோடி 24 காட்டும், மற்ற இரண்டும் 12 காட்டும். துண்டுக்கும் நடுத் தண்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது.

துண்டுகளுக்கு நடுவே உள்ள மூன்று பிளவுகளையும் பாருங்கள். கார்பன் தூள் அடைத்துக்கொண்டு பக்கத்துத் துண்டோடு கரன்டைக் கசியவிடும். மரப் பல்குச்சியைச் சீவிக் கூராக்கி அதனால் கிளறி எடுங்கள். குண்டூசி வேண்டாம், செம்பைக் கீறிவிடும்.

#7 ஸ்டுட்கார்ட்காரன்

இதை வாசிக்க எனக்கு என்ர ஜெர்மன் மெர்க்ளின் கம்பெனி எஞ்சின்கள்தான் ஞாபகம் வருகுது. கவன்ட்ரித் தம்பி, எண்ணெய் இறுகிற வருத்தம் இங்கே ஜெர்மனியிலும் அதேதான். ஆனால் காந்தம் பலம் இழக்கிற கவலை பழைய மெர்க்ளினில் இல்லை. அதில் நிரந்தரக் காந்தமே கிடையாது, அந்த இடத்தில் புலச் சுருள் ஒன்று இருக்கும். ஏசியில் ஓடும் மோட்டார். எத்தனை தடவையும் பிரிக்கலாம்.

அதுக்குப் பதிலாக வேறொரு தலையிடி உண்டு. திசை மாற்றுகிற ரிலே. 16 வோல்ட் வரை ஓட்டத்துக்கு, திசை மாற்ற ஒரு கணம் 24 வோல்ட் கொடுக்க வேணும். அந்த அடியில் ரிலே இழுத்து மற்றப் பக்கம் விழும். அதன் மெல்லிய ஸ்பிரிங் தளர்ந்தால் ஓடும்போதே திசை மாறும். இறுக்கமாக இருந்தால் 24 கொடுத்தாலும் மாறாமல் எஞ்சின் முன்னால் பாயும். என்னட்ட இருக்கிற 3000 என்ற சின்ன டேங்க் எஞ்சின் அப்படித்தான் மேசையிலிருந்து பாயப் பார்த்தது. ஸ்பிரிங்கின் கொக்கியை அரை மில்லிமீட்டர் வளைக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கிற ஆட்களுக்கு ஒரு சொல். அவை 220 வோல்ட்டுக்குச் செய்தவை. இப்ப வீட்டில வருவது 230. வெளியே வருகிற வோல்ட்டேஜும் அந்த அளவு கூடும், திசை மாற்றும் அடி இன்னும் கூடும். அதைவிட முக்கியம், சுவருக்குப் போற வயரை வடிவாகப் பாருங்கோ. பழைய ரப்பர் உறை தொட்டால் உதிரும். உதிர்ந்தால் அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுவரில செருகவே வேண்டாம், அலமாரியில் வைத்துப் பாருங்கோ. எஞ்சினைத் திருத்தலாம், ஆளைத் திருத்த ஏலாது.

#8 கவன்ட்ரிவாசி

நன்றி அண்ணை. என்னிடம் இருப்பது புது கன்ட்ரோலர்தான்.

ஆர்மேச்சர் அளவு 8.1, 8.0, 8.2. சந்தோஷம் தாங்கவில்லை. காம்யுடேட்டரைச் சுத்தம் செய்தேன், பிளவுகளிலிருந்து மை மாதிரி வந்தது. பிரஷ்கள் பாதி தேய்ந்திருந்ததால் புதிய ஜோடி வாங்கிப் போட்டேன். எல்லாவற்றையும் மாட்டி சீரிஸ் லாம்ப் வழியாகக் கரன்ட் கொடுத்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிகிறது. மோட்டார் அசையவே இல்லை. கழற்றுவதற்கு முன்னால் முனகலாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை. எங்கே தப்புச் செய்தேன்?

#9 நீராவி66

பிரஷ்களை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் கம்பியைப் பாருங்கள். இரண்டு கை உள்ள ஒரே கம்பி. ஒரு கையில் மட்டும் ஒரு குட்டி உறை போட்டிருக்க வேண்டும். இருக்கிறதா?

#10 கவன்ட்ரிவாசி

இல்லை. இரண்டு கையும் வெறும் கம்பிதான்.

#11 நீராவி66

அதுதான். அந்த உறை இல்லாவிட்டால் ஒரு பிரஷுக்குப் போகிற கரன்ட் ஆர்மேச்சருக்குள் போகாமல் ஸ்பிரிங் வழியாகவே அடுத்த பக்கம் போய்விடும். நேர் ஷார்ட். நெல்மணி அளவு கூட இருக்காது அந்த உறை, பிரஷ் மாற்றும்போது கழன்று விழுந்திருக்கும். மேஜையைத் துடைத்த துணியை உதறிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மெல்லிய வயரின் மேலுறையை நான்கு மில்லிமீட்டர் உரித்து அந்தக் கையில் மாட்டிவிடுங்கள், போதும். எந்தக் கை என்பதில் கவனம். சட்டத்திலிருந்து தனித்து, கரன்ட் வாங்கும் தகட்டோடு வயரால் இணைந்திருக்கிற பிரஷின் பக்கம்.

ஜின்ட்டியில் ஒரு பக்கச் சக்கரங்கள் நேராக உலோகச் சட்டத்தோடு சேர்ந்தவை. மறுபக்கச் சக்கரங்களைத்தான் தகடு உரசிக் கரன்ட் எடுக்கிறது. ஆகவே உறை போடாத பிரஷுக்கு முழு அடிச்சட்டமுமே வயர்.

#12 ஓட்டுபவன்

இதில் ஒரு சேர்க்கை. பிற்பாடு யாராவது டிசிசி சிப் (எஞ்சினை டிஜிட்டல் முறையில் ஓட்ட உதவும் சிப்) வைக்க நினைத்தால் இரண்டு கைக்கும் உறை போட்டு, மோட்டாரைச் சட்டத்திலிருந்து முழுக்கத் தனியாக்க வேண்டும். ஒரு கை தொட்டாலும் சிப் அந்த இடத்திலேயே புகைந்துவிடும்.

#13 கவன்ட்ரிவாசி

ஓடுகிறது!

உறை துணியில் இல்லை, என் சட்டைக் கையின் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு சீரக விதை மாதிரி. இடுக்கியால் எடுத்து மாட்டிக் கரன்ட் கொடுத்தேன். பல்ப் ஒரு தடவை சிமிட்டி மங்கியது, மோட்டார் "க்ர்ர்ர்" என்று எழுந்தது. பக்கத்து அறையிலிருந்து மனைவி ஓடிவந்து பார்த்தாள்.

ஆனால் ஐயா சொன்ன அறிகுறி அப்படியே இருக்கிறது. தண்டவாளத்தில் வைத்தால் அம்பு மாதிரி பறக்கிறது. மல்டிமீட்டரில் 0.6 ஆம்பியர். நான்கு வேகன் மாட்டினால் திணறுகிறது. ஐந்து நிமிஷத்தில் சூடு. எனக்கு முன்னால் யாரோ காந்தத்தைப் பிரித்திருக்க வேண்டும், திருகின் தலையில் ஸ்க்ரூடிரைவர் நழுவிய கீறல் இருக்கிறது.

#14 ஓட்டுபவன்

சின்ன நியோடிமியம் காந்தங்களை அடுக்கிப் பழைய கட்டி இருந்த இடத்தில் வைத்துவிடலாம். செலவும் அதிகமில்லை. துருவம் மாற்றி வைத்தால் எஞ்சின் எதிர்த் திசையில் போகும், திருப்பி வையுங்கள். வலப்பக்கத் தண்டவாளத்தில் பாசிட்டிவ் இருந்தால் முன்னால் போக வேண்டும் என்பது கணக்கு.

#15 நீராவி66

நியோடிமியம் நல்ல வழிதான், நானும் ஓட்டுகிற எஞ்சின்களில் வைத்திருக்கிறேன். ஆனால் அளவு மீறினால் ஆர்மேச்சரின் மூன்று துருவமும் காந்தத்தில் ஒட்டி ஒட்டி விடும், மெதுவாக ஓட்டும்போது தடக் தடக் என்று போகும். இந்த எஞ்சினுக்கு நான் கேட்பது ஒன்றுதான். பழைய காந்தத்துக்கே மறுபடி பலம் ஏற்றிப் பாருங்கள். அதற்கான கருவி சில மாடல் ரயில் கிளப்புகளில் இருக்கிறது. மோட்டாரை அப்படியே முழுதாக உள்ளே வைத்து, ஒரு கணம் பலமான புலத்தைக் கொடுப்பார்கள். எதையும் பிரிக்க வேண்டாம், ஒரு உறுப்பும் மாறாது.

#16 கவன்ட்ரிவாசி

பக்கத்து ஊர் கிளப் ஒன்றில் கருவி இருந்தது. சனிக்கிழமை கொண்டுபோனேன். ஒரு பெரியவர் மோட்டாரை வைத்து, பொத்தானை அழுத்தி, "முடிந்தது" என்றார். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து அளந்தால் 0.3 ஆம்பியர். பாதி! வேகம் அடங்கி, நடக்கிற மாதிரி கிளம்புகிறது. ஆறு வேகன் இழுக்கிறது. தையல் மிஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு சொட்டு வைத்தேன், காம்யுடேட்டர் பக்கம் போகவில்லை.

இப்போது டப்ளோ. அடிச்சட்டத்தில் தலைமுடி போல வெடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. ஓரத்தைத் தொட்டதும் ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. சட்டம் நீளத்திலும் கொஞ்சம் வளர்ந்த மாதிரி இருக்கிறது, முனைகள் உடலுக்குள் உட்கார மறுக்கின்றன. எபாக்ஸி போட்டு ஒட்டலாமா?

#17 நீராவி66

தம்பி, இதற்கு மருந்து இல்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்த வார்ப்பு உலோகத்துக்கு இங்கிலாந்தில் மாசாக் என்று பெயர். துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியமும் மற்றதும் சேர்ந்தது. துத்தநாகம் மிகமிகச் சுத்தமாக இருந்தால்தான் நிலைக்கும். ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு தொடங்கி, ஈரப்பதத்தில் வேகம் பிடித்து, உள்ளிருந்தே வீங்கி வெடிக்கும். ஹார்ன்பி டப்ளோ 1938ல் லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையிலிருந்து வந்தது. போருக்கு முந்தைய வார்ப்புகளில் இந்த வியாதி நிறைய உண்டு. ஒரே வார்ப்பச்சில் வார்த்த இரண்டு சட்டங்களில் ஒன்று இன்றும் பாறை மாதிரி நிற்கும், இன்னொன்று பிஸ்கட் மாதிரி உதிரும். அன்று உருக்கிய கொப்பரையில் என்ன விழுந்ததோ அதைப் பொறுத்தது.

எபாக்ஸி போட்டால் ஒட்டிய இடம் நிற்கும், பக்கத்து இடம் வெடிக்கும். செய்யக்கூடியது இவ்வளவுதான். நல்ல உறுப்புகளை, முக்கியமாகச் சக்கரங்களையும் மோட்டாரையும், வீங்கிய சட்டம் நெருக்கி உடைப்பதற்கு முன்னால் மெதுவாக எடுத்துத் தனியாக வையுங்கள். காந்தத்துக்கு மேலே சொன்னதே விதி, இரும்புத் துண்டு ஒட்டாமல் பிரிக்காதீர்கள். சக்கரங்களை அச்சிலிருந்து உருவ வேண்டாம். இணைப்புத் தண்டு மாட்டுகிற இடது வலது கிராங்குகள் 90 பாகை தள்ளி நிற்க வேண்டும், கை வைத்தால் அந்தக் கணக்குப் போய்விடும். உடல் வார்ப்பு நன்றாக இருந்தால் உலர்ந்த இடத்தில் வையுங்கள். வேறு நல்ல சட்டம் கிடைக்கும்வரை காத்திருக்கலாம், அவசரமில்லை.

#18 ஸ்டுட்கார்ட்காரன்

உதிர்ந்த துண்டுகளையும் எறிய வேண்டாம், தம்பி. ஒரு உறையில் போட்டு அதே டின்னில் வையுங்கோ. சட்டத்தை யாராவது 3டி பிரின்ட் எடுக்க வந்தால் அளவு எடுக்க அவைதான் உதவும். வீங்கியிருக்கும் என்பதையும் எழுதி வையுங்கோ, இல்லாட்டில் அளவு பிழைக்கும்.

#19 ஓட்டுபவன்

கவன்ட்ரி நண்பரே, என் எஞ்சின்களுக்கு நான் புது மோட்டார்தான் போடுவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் 0.6லிருந்து 0.3 என்று படித்ததும் எடுத்து வைத்திருந்த நான்கு எக்ஸ்04களையும் தேடி எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் கிளப்புக்குக் கொண்டுபோகிறேன். அந்தக் கொக்கியை மாற்றிவிட்டீர்களா? என்னிடம் அதே காலத்துக் கொக்கி ஒன்று மிச்சம் இருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன்.

#20 கவன்ட்ரிவாசி

நேற்று மாலை அம்மாள் வீட்டு முன்னறையில் கம்பளத்தின் மேல் ஒரு வட்டம் தண்டவாளம் போட்டேன். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் எஞ்சினை முன்னோக்கி வைத்து, பின்கொக்கியில் மூன்று வேகன்களை மாட்டி ஓட்டினேன். ஒரு சுற்று முடியும்வரை பார்த்துவிட்டு, "இல்லை, திருப்பி வை" என்றார்.

முன்கொக்கி உடைந்தது 1961ல், அவர்கள் மகன் மேஜையிலிருந்து தவறவிட்டபோதாம். அதற்குப் பிறகு அவர் கணவர் எஞ்சினைத் திருப்பி வைத்து, வேகன்களைப் பின்கொக்கியால் முன்னால் தள்ளிக்கொண்டு போகிற மாதிரிதான் ஓட்டுவாராம், ஷண்டிங் யார்டில் நடக்கிற மாதிரி. சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இதேதான். இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவார்" என்றார். கன்ட்ரோலரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

ஓட்டுபவன் அண்ணா, கொக்கிக்கு ரொம்ப நன்றி, அனுப்ப வேண்டாம். அது உடைந்தபடியே இருக்கட்டும். டப்ளோவின் சக்கரங்களை இந்த வாரம் எடுக்கிறேன், காந்தத்துக்கு இரும்புத் துண்டு தயாராக வெட்டி வைத்திருக்கிறேன்.